கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்குப் பார்படோஸ் போக இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. கடற்கரை ரிசோர்ட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று தீவின் கிழக்குப் பக்கம். விலை குறைவு, படத்தில் கடல் அவ்வளவு வடிவாக இருக்கிறது. மற்றது மேற்குக் கரையில்; கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. சாப்பாடு, குடிவகை எல்லாம் சேர்த்து எடுப்பதா, அறையை மட்டும் எடுப்பதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். அம்மா சைவம், முழங்கால் வருத்தம் வேறு. பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும் வயது, நீச்சல் அரைகுறை. கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?
ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: அன்புள்ள சகோதரி,

அறைக்குப் பிறகு வருவோம். முதலில் எந்தக் கரை என்று முடிவெடுங்கள். அது சரியாக அமைந்தால் மற்றதில் கொஞ்சம் பிழைத்தாலும் பரவாயில்லை.

பார்படோஸ் 34 கிலோமீற்றர் நீளமும் 23 கிலோமீற்றர் அகலமும் உள்ள சின்னத் தீவு. ஆனாலும் இரு பக்கமும் கடல் ஒன்றுபோல் இருக்காது. கிழக்கே அத்திலாந்திக். அங்கிருந்து ஆபிரிக்கா வரைக்கும் நடுவில் தரையே இல்லை. வியாபாரக் காற்று என்று சொல்லும், பெரும்பாலும் ஒரே திசையில் அடிக்கும் காற்றும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வீசுகிறது. பத்ஷீபா கடற்கரைக்கு அலைச்சறுக்குக்காரர்கள் உலகெங்கும் இருந்து வருவது அந்த அலைகளுக்காகத்தான். பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவரையே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் அங்கே உண்டு. ஆறு வயதுப் பிள்ளையோடு அந்தக் கரையில் ஒரு வாரம் தங்குவது என்றால், நாள் முழுக்க "தண்ணிக்குப் போகாதே" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ரிசோர்ட் வேண்டாம். ஒரு பகல் பத்ஷீபாவுக்குப் போய்ப் பாறைகளையும் அலையையும் பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சார்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் கரிபியன் கரைகளில் பெருவாரியாக ஒதுங்கி வருகிறது. பார்படோஸில் அது கூடுதலாக அடைவது கிழக்கிலும் தென்கிழக்கிலும். கரையில் குவிந்து அழுகத் தொடங்கினால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும், இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். எல்லா வருடமும் ஒரே அளவில் வராது. ஆனால் மார்ச்சில் தொடங்கிவிடக்கூடும். எந்த ஹொட்டேல் என்றாலும், "இந்த வாரம் எடுத்த கடற்கரைப் படம் ஒன்று அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் போடுங்கள். அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

மேற்குக் கரை காற்றுக்கு மறைவானது. பேய்ன்ஸ் பே, ஹோல்ட்டவுன் பக்கம் பெரும்பாலான நாட்களில் கடல் குளம்போலக் கிடக்கும். குளிர்காலத்தில் மட்டும் வடக்கே எழும் புயல்களால் சில நாள் பெரிய அலை வரும். சிவப்புக் கொடி பறந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. அந்த அலைகள் மணலையும் அரித்துக்கொண்டு போவதால், விலை உயர்ந்த சில ஹொட்டேல்களின் முன்னால் மணல் ஒடுங்கிப்போய் இருக்கும். "கடற்கரை எத்தனை அடி அகலம்?" என்று கேட்பது நல்லது.

ஆனால் இரண்டு மடங்கு காசு கொடுக்கத்தான் வேண்டுமா? நீங்கள் பார்க்காமல் விட்டது தெற்குக் கரை. ரொக்லியில் அக்ரா கடற்கரை இருக்கிறது. அலை கொஞ்சம் உண்டு, உயிர்காப்பாளர்களும் நிற்பார்கள். அவர்களின் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே பிள்ளைகளை இறக்குங்கள், நீங்களோ கணவரோ கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் வரை கடலோரமாகவே ஒரு மைல் அளவுக்கு நடைபாதை போகிறது. ஏற்றம் இறக்கம் இல்லை. முழங்கால் வருத்தக்காரருக்கு மணலில் கால் புதைய நடப்பதுதான் பெரும்பாடு. அம்மா காலையும் மாலையும் இந்தப் பாதையில் காற்று வாங்கலாம். அறை விலையும் மேற்கைவிடப் பொதுவாகக் குறைவு.

பார்படோஸில் எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து. எந்த ரிசோர்ட்டும் மணலை வேலி போட்டு அடைக்க முடியாது. தெற்கில் தங்கி, மேற்குக் கரையில் குளிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பஸ் மாறிப் போகலாம். டாக்சிக்கு மீற்றர் கிடையாது. ஏறமுன் விலை பேசுங்கள். இரண்டு பார்படோஸ் டொலர் ஒரு அமெரிக்க டொலர் என்பது நிலையான கணக்கு. எந்த டொலரில் சொல்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்த பொதி உங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்பது என் எண்ணம். அந்த விலையில் ஒரு பங்கு மதுவுக்கும் மீன், இறைச்சிக்கும் போகிறது. அம்மா மூன்று வேளையும் ரொட்டியும் பழமும் சாப்பிட முழு விலை கட்டுவானேன்? காலைச் சாப்பாட்டோடு அறை எடுங்கள், சின்னக் குசினி இருந்தால் இன்னும் நல்லது. வெளியே கிழங்கும் கடலையும் வைத்துச் சுற்றிய ரொட்டி கிடைக்கும். சோளமாவும் வெண்டிக்காயும் சேர்த்துக் கிண்டும் கூ-கூ உண்டு. மீன் குழம்பு ஊற்றாமல் கேளுங்கள். ஈரப்பலாக்காயைக் கண்டால் அம்மாவே சமைக்க எழும்பிவிடுவார். ஒன்றில் மட்டும் கவனம்: அவரையோடு சேர்த்து ஆக்கும் சோற்றில் பலர் உப்பிட்ட பன்றிவால் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெள்ளி இரவு, கடைகளில் மீன் சுட்டும் பொரித்தும் விற்கும் ஒய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அங்கே அடுப்படியில் நிற்பவரின் கைக்கே போகிறது. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

இப்போது அறை. ஐந்து பேருக்கு எப்படியும் இரண்டு அறை வேண்டும். அம்மாவின் அறையைக் கடல் பார்த்ததாக எடுங்கள். நீங்கள் தண்ணீரில் நிற்கும் மத்தியானங்களில் பல்கனியில் இருக்கப்போவது அவர்தான். உங்கள் அறை தோட்டம் பார்த்தால் போதும். "கடல் தெரியும்" என்று எழுதியிருந்தால் இரண்டு கூரைக்கு நடுவிலும் தெரியலாம்; அறை இலக்கத்தோடு படம் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் தொட்டிச் சுவரைத் தாண்ட வேண்டுமா என்பதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைப் பார்த்தே ஒப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்: கரையில் மஞ்சினீல் என்றொரு மரம் உண்டு. சின்னப் பச்சை அப்பிள் போலக் காய்க்கும், கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கினாலே பால் வடிந்து தோல் கொப்பளிக்கும். பல மரங்களில் சிவப்புப் பட்டி அடித்திருப்பார்கள். அடிக்காத மரமும் இருக்கும், ஆகையால் கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொட வேண்டாம்.

இராணுவப் புள்ளி உடுப்பு அங்கே சட்டப்படி தடை, சிறுவர்களுக்கும்தான். பிள்ளைகளின் பெட்டியில் அப்படி ஒரு காற்சட்டை, தொப்பி இருந்தால் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.