உகாண்டாவுக்குக் குடிபோகும் முன் எந்தெந்த ஊசி?

கேள்வி: எனக்கு வயது 42. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பின்னலாடை நிறுவன வேலைக்காக இன்னும் 5 வாரத்தில் மனைவி, 4 வயது மகளுடன் உகாண்டாவில் உள்ள கம்பாலாவுக்குப் போகிறேன். 2 வருட ஒப்பந்தம். அம்மாவும் (67) ஒரு மாதம் வந்து தங்க ஆசைப்படுகிறார். முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கிறார். நான் ஏற்கெனவே மஞ்சள் காமாலை ஊசி 3 தவணை போட்டிருக்கிறேன். டிராவல்ஸ்காரர் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் போதும் என்கிறார். இரண்டும் ஒன்றா? வேறு ஊசிகளும் தேவையா? – வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் 3 தவணை போட்டது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியாக இருக்கும். அது ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் கிருமிக்கானது. மஞ்சள் காய்ச்சல் என்பது ஏடிஸ் கொசு பரப்பும் வேறொரு வைரஸ் நோய். பெயரில் மஞ்சள் இருப்பதால் நம் ஊரில் பலர் இப்படிக் குழம்பி, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உகாண்டாவுக்குள் நுழைய, 1 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் மஞ்சள் காய்ச்சல் சான்று காட்ட வேண்டும். ஊர் திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். இங்கே ஏடிஸ் கொசு இருக்கிறது, அந்த நோய் மட்டும் இல்லை. அது உள்ளே வந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு கறார். சான்றில்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

இந்த ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவற்றில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலக்கிய சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு வைத்துத்தான் போடுவார்கள். ஆகவே இந்த வாரமே தேதி வாங்குங்கள். அசல் பாஸ்போர்ட் அவசியம்.

ஒரே ஊசி, 0.5 மில்லி. போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். 1ஆம் தேதி போட்டால் 11ஆம் தேதி முதல். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்று ஆயுள் முழுவதற்கும் செல்லும், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பழைய விதி இப்போது இல்லை. சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, ஊசி தேதி, தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, மைய முத்திரை எல்லாம் உண்டா என்று. அடித்துத் திருத்திய அட்டையையும் ஒரு கட்டம் காலியாக விட்ட அட்டையையும் செல்லாது என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு.

இது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அதனால்தான் எல்லோருக்கும் போட முடியாது. உங்கள் சர்க்கரை இதற்குத் தடையில்லை. மகளுக்கு 9 மாத வயதைத் தாண்டிவிட்டதால் தாராளமாகப் போடலாம். எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசி அவளுக்குப் பாக்கி இருந்தால் அதே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் பரிசோதித்துக்கொள்ளட்டும். ஊசிக்குப் பிறகு 4 வாரம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. முட்டை சாப்பிட்டு யாருக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மையத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மா விஷயத்தில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் அரிதான, கடுமையான பின்விளைவுக்கான ஆபத்து கூடுதல். அதோடு மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. ஊசிக்காக அதை நிறுத்திப் பார்க்கும் யோசனையும் வேண்டாம், மூட்டுகள் மறுபடி வீங்கும். மருத்துவக் காரணத்தால் விலக்குக் கடிதம் வாங்கலாம்தான். ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அங்குள்ள அதிகாரியின் விருப்பம். கடிதம் கொசுவைத் தடுக்காது. பேத்தியைப் பார்க்கத்தான் ஆசை என்றால், விடுமுறைக்கு நீங்கள் இங்கே வருவது மேல்.

இனி, எந்த அதிகாரியும் கேட்காத, ஆனால் உங்களுக்குத் தேவையான ஊசிகள். டைபாய்டுக்கு கான்ஜுகேட் வகை தடுப்பூசி ஒன்று, மூவருக்கும். ஹெபடைட்டிஸ் ஏ உணவு, தண்ணீர் வழியாக வருவது. நம் ஊரில் வளர்ந்த உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குச் சிறுவயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். ரத்தத்தில் ஐஜிஜி சோதனை (பழைய தொற்றால் உண்டான எதிர்ப்புப் புரதத்தைக் காட்டுவது) செய்து, எதிர்ப்பு சக்தி இருந்தால் அந்தச் செலவு மிச்சம். மகளின் அட்டையில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். மனைவி ஹெபடைட்டிஸ் பி போடவில்லை என்றால் இப்போது ஒன்று, 4 வாரம் கழித்து ஒன்று, 6ஆம் மாதம் ஒன்று. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஒன்று.

மகளுக்கு வெறிநாய்க்கடி முன்தடுப்பூசியை நான் வலியுறுத்துவேன். நாய் பிறாண்டியதை வீட்டில் சொல்லாத வயது அது. இன்று ஒன்று, 7 நாள் கழித்து ஒன்று என இரண்டு தவணை. பிறகு எப்போதாவது கடிபட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஒன்று, 3 நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசி போட்டாக வேண்டும். ஆனால் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) தேவைப்படாது. வெளிநாட்டில் அவசரத்துக்குக் கிடைப்பது கஷ்டமான மருந்து அதுதான்.

மூளைக்காய்ச்சல் (மெனிங்கோகாக்கஸ்) தடுப்பூசி கம்பாலாவில் இருப்பவருக்குக் கட்டாயமில்லை. டிசம்பர் முதல் ஜூன் வரையிலான வறண்ட மாதங்களில் உகாண்டாவின் வடபகுதிக்கு வேலையாகப் போவீர்கள் என்றால் போடுங்கள்.

உயிரற்ற வகை தடுப்பூசிகளை மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் நாளிலேயே வேறு கையில் போடலாம். காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த சில நாட்களில் லேசான காய்ச்சல், உடம்புவலி வரலாம். பாராசிட்டமால் போதும். காய்ச்சல் அதிகமாகி, கண் மஞ்சளானாலோ குழப்பமாகப் பேசினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இத்தனைக்கும் உங்கள் குடும்பத்துக்கு அங்கே அதிக ஆபத்து மலேரியாதான். பயணிகளுக்கு அதற்கு ஊசி இல்லை. அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. இந்தியாவில் எப்போதோ மலேரியா வந்தது காப்பாற்றாது. முதல் சில மாதங்களுக்குத் தடுப்பு மாத்திரையை எடை, வயது பார்த்து மருத்துவர் எழுதித் தரட்டும். டாக்சிசைக்ளின் உங்களுக்கு ஆகும், மகளுக்கு ஆகாது. மருந்து தடவிய கொசுவலை வாங்கிச் செல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பிறகு, மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், உகாண்டாவில் இருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.