எஸ்ஸெண்டன் ஊசி விவகாரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மெல்போர்னின் எஸ்ஸெண்டன் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பில் 2012ல் நடந்த ஊசி விவகாரத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி கோபம், பாதி குழப்பம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000ல் 25 ஆட்டங்களில் 24ஐ வென்று பட்டம் எடுத்தார்களே, அப்போதிருந்து நான் எஸ்ஸெண்டன் ரசிகன். ஆனாலும் 34 வீரர்கள் மீதான தீர்ப்பு சரிதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஃபூட்டி எனக்குப் புதுசு. என்னதான் நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க.

ஃபூட்டி என்பது ஆஸ்திரேலியக் கால்பந்து, அதன் தேசிய லீக் ஏ.எஃப்.எல். ஓவல் மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி. ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். எஸ்ஸெண்டன் இதில் 16 முறை பட்டம் வென்ற கிளப். அதன் பழைய கேப்டன் ஜேம்ஸ் ஹெர்ட் 2011 பருவத்துக்குக் கோச்சாக வந்தார். உடல்பலத்தில் மற்ற அணிகளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று டீன் ராபின்சனை உடற்தகுதிப் பிரிவுக்கும், ஸ்டீபன் டேங்கை விளையாட்டு அறிவியலுக்கும் எடுத்தார்கள். 2012ல் வீரர்களுக்கு வரிசையாக ஊசிகள் போடப்பட்டன. முதல் 9 ஆட்டங்களில் 8 வெற்றி. அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தசைக் காயம். கடைசியில் 11ஆம் இடம்.

2013 பிப்ரவரி 5 அன்று கிளப்பே முன்வந்து ஏ.எஃப்.எல். நிர்வாகத்திடமும், ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அசாடாவிடமும் விசாரிக்கச் சொன்னது. அந்த ஆகஸ்டில் ஏ.எஃப்.எல். கிளப்பைத் தண்டித்தது. தைமோசின் பீட்டா-4 என்ற தடை செய்யப்பட்ட பொருளை ஊசியில் எடுத்தார்கள் என்று 34 வீரர்கள் மீதான வழக்கு தனியாக ஓடியது. 2015 மார்ச் 31 அன்று ஏ.எஃப்.எல். தீர்ப்பாயம் 34 பேரையும் விடுவித்தது. உலக அமைப்பான வாடா மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரி 12 அன்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 34 பேருமே குற்றவாளிகள் என்று சொல்லி இரண்டு வருடத் தடை விதித்தது. முந்தைய தேதியிலிருந்து கணக்கிட்டதால், விளையாடிக்கொண்டிருந்தவர்கள் இழந்தது 2016 பருவம் முழுவதையும்.

கேள்வி: ஒரு வீரர்கூட டெஸ்ட்ல மாட்டல. மாத்திரை இல்ல, பாட்டில் இல்ல, ரத்தத்துல எதுவும் இல்ல. பிறகு எப்படிங்க குற்றவாளி? இது நியாயமா?

நிறையப் பேர் கேட்டது இதுதான். கோபம் புரிகிறது. ஆனால் டெஸ்டில் மாட்டுவது ஊக்கமருந்து விதிமீறலின் ஒரு வகை மட்டும். தடை செய்யப்பட்டதை எடுத்துக்கொண்டார் என்று வேறு சாட்சியங்களால் நிரூபித்தாலும் அதே குற்றம்தான். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் விழுந்ததும் முக்கியமாக மற்றவர்களின் வாக்குமூலத்தால். தைமோசின் பீட்டா-4 நம் உடலிலேயே சுரக்கும் பொருள். ஊசியில் போனது எது, உடம்பில் ஊறியது எது என்று பிரித்துக் காட்ட அன்றைக்கு நம்பகமான சோதனை இல்லை. அப்படியிருக்க, டெஸ்டில் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

இரண்டு தீர்ப்பும் ஏன் நேரெதிராக வந்தன என்பதைப் பாருங்கள். நிரூபணத்தின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். குற்றவியல் வழக்கு அளவுக்குக் கடுமை வேண்டாம், ஆனால் 51க்கு 49 என்பது போதாது, நீதிபதிகள் மனநிறைவோடு நம்ப வேண்டும். ஏ.எஃப்.எல். தீர்ப்பாயம் வழக்கை ஒரு சங்கிலியாகப் பார்த்தது. மருந்து சீனாவிலிருந்து வந்ததா, மருந்தாளர் வழியாக டேங்கின் கைக்குப் போனதா, அவர் அதை வீரர்களுக்குப் போட்டாரா. முதல் கண்ணியே அவர்களுக்கு உறுதிப்படவில்லை, அதோடு வழக்கு முடிந்தது. நடுவர் மன்றம் அதே சாட்சியங்களை ஒரு வடத்தின் இழைகளாகப் பார்த்தது. ஒவ்வொரு இழையும் தனியாக வலுவில்லாமல் இருக்கலாம், சேர்த்து முறுக்கினால் தாங்குகிறதா என்று கேட்டது.

அந்த இழைகள் அற்பமானவை அல்ல. வீரர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலேயே "தைமோசின்" என்று இருந்தது, வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம் என்று. டேங்கின் குறுஞ்செய்திகள் இருந்தன. டேங்க் ஒரு பத்திரிகையாளரிடம் தைமோசின் பீட்டா-4 பயன்படுத்தியதாகச் சொல்லிவிட்டு, அது தடைப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்ததும் தடை இல்லாத தைமோமோடுலின் என்று மாற்றினார். எனக்கு இதற்குமேல் தேவைப்படவில்லை.

கேள்வி: நான் மருந்தகத்துல வேலை பாக்குறேன். தைமோசின், தைமோமோடுலின், ஏஓடி-9604, எல்லாத்தையும் போட்டுக் குழப்புறாங்க. பிரிச்சுச் சொல்லுங்களேன்.

தைமோசின் பீட்டா-4 என்பது 43 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. காயம் ஆறுவதில் அதற்குப் பங்கு உண்டு. வாரா வாரம் மோதி அடிபட்டு எழும் ஆட்டக்காரர்களுக்கு அதில் என்ன ஆசை என்று உங்களுக்கே புரியும். வாடா பட்டியலில் தடை. தைமோமோடுலின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுக்கும் நோய் எதிர்ப்புச் சாறு, அதற்குத் தடை இல்லை. படிவத்தில் வெறும் "தைமோசின்" என்று எழுதியிருந்ததுதான் தரப்புக்கொரு வாதத்துக்கு இடம் கொடுத்தது.

ஏஓடி-9604 வேறு கதை. வளர்ச்சி ஹார்மோனின் ஒரு துண்டு, மெல்போர்னிலேயே உடல்பருமனுக்காக உருவாக்கப்பட்டு, மனித ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் தராமல் 2007ல் கைவிடப்பட்டது. கேப்டன் ஜோப் வாட்சன் 2013 ஜூனில் தொலைக்காட்சியில் தனக்கு இது போடப்பட்டதாக நம்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்பே வாடா இது எந்த அரசும் அங்கீகரிக்காத மருந்து, ஆகவே தடை என்று அறிவித்திருந்தது. ஆனால் 2012ல் அதன் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் அதை வைத்து வீரர்கள் மீது வழக்கு போடவில்லை.

கேள்வி: 20 வயசுப் பசங்க சார். கிளப் சொன்னா கையை நீட்டத்தான் செய்வாங்க. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?

உடலுக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு என்ற விதி இல்லாவிட்டால் எல்லோரும் "எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்" என்று நடந்து போய்விடலாம். கிழக்கு ஜெர்மனியில் அதிகாரிகள் சிறுமிகளுக்கு நீல மாத்திரை கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விதி கடுமையாக இருப்பதால்தான் வீரருக்கு "மாட்டேன்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மூத்த வீரர்கள் இதெல்லாம் சட்டப்படியானதா என்று கேட்டார்கள், எழுத்தில் வேண்டும் என்றார்கள். அதன்பின் வந்தவைதான் அந்தப் படிவங்கள். போடுவது அனைத்தும் வாடா விதிக்கு உட்பட்டது என்று அவற்றில் அச்சிட்டிருந்தது. அதைப் படிக்கும்போது எனக்கும் அவர்கள் மேல் இரக்கம்தான் வருகிறது.

ஆனால் அடுத்த படி எடுக்கவில்லை. கிளப் டாக்டர் ப்ரூஸ் ரீட் பல வருடமாக அவர்களுக்குத் தெரிந்த மனிதர். அவரிடம் போய்க் கேட்கவில்லை. அசாடாவைக் கேட்டிருக்கலாம், அதற்கு வழி இருந்தது. இதைவிட என்னை உறுத்துவது சோதனைப் படிவம். அந்தப் பருவத்தில் அசாடா ஆட்கள் சோதனைக்கு வந்தபோது, சமீபத்தில் எடுத்த மருந்து, சத்துப்பொருள் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். வைட்டமினும் வலிமாத்திரையும் எழுதியவர்கள் தைமோசின் ஊசியை எழுதவில்லை. ஒருவர் மறக்கலாம். ஒருவர்கூட எழுதவில்லை என்பதை நடுவர் மன்றம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

டேவிட் ஸஹாராகிஸ் என்ற ஆட்டக்காரருக்கு ஊசி என்றாலே ஆகாது. வேண்டாம் என்றார். யாரும் அவரை அணியைவிட்டுத் தூக்கவில்லை. 34 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, 2016ல் விளையாடினார். மறுக்க முடிந்திருக்கிறது, தம்பி.

கேள்வி: அப்ப கிளப்பை விட்டுடுவீங்களா?

மாட்டேன். என் கோபத்தில் பெரும்பங்கு கிளப் மேல்தான். கிளப்பே ஆய்வு செய்யச் சொல்லி நியமித்த ஸிக்கி ஸ்விட்கோவ்ஸ்கி 2013 மே மாதம் கொடுத்த அறிக்கையின் சாரம் இது: கிளப்புக்குள் மருந்துப் பரிசோதனைக்கூடம் போன்ற சூழல் இருந்தது, அதை யாரும் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை, கேள்வி கேட்கவில்லை, பதிவு செய்யவில்லை. கடைசிச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. யாருக்கு, எந்த நாளில், எதை, எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் ஒழுங்காக இருந்திருந்தால், ஒருவேளை குற்றமற்றவர்கள் என்றால், அந்த 34 பேரும் அதைக் காட்டியே வெளியே வந்திருப்பார்கள். ஒரு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிக்கு அட்டை உண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளும் கிளப்பில் அது இல்லை. இன்று அந்த வீரர்களுக்கு ஏதாவது உடல்நலக் குறைவு வந்து டாக்டர் "உங்களுக்கு என்ன போட்டார்கள்?" என்று கேட்டால், பதில் சொல்ல அவர்களிடம் காகிதம் கிடையாது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தண்டனை விவரம் கேட்டவர்களுக்கு: 20 லட்சம் டாலர் அபராதம், முதல் 8 அணிகள் பட்டத்துக்கு மோதும் ஃபைனல்ஸிலிருந்து 2013ல் நீக்கம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு வருட இழப்பு, ஹெர்டுக்கு 12 மாதத் தடை. பிறகு 2016 ஜனவரியில் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 லட்சம் டாலர். வீரர்களும் ஊழியர்கள், ஊசி போடும் அறையும் பணியிடம் என்று சொன்ன அந்த வழக்கைத்தான் நான் இந்த விவகாரத்தின் மிக முக்கியமான தீர்ப்பாக நினைக்கிறேன். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

கேள்வி: நான் கார்ல்டன் ரசிகன். 2013ல எங்களுக்குக் கிடைச்ச ஃபைனல்ஸ் இடம் ஓசின்னு இன்னும் கிண்டல் பண்றாங்க.

விட்டுத் தள்ளுங்கள். புள்ளிப் பட்டியலில் எஸ்ஸெண்டனை 7லிருந்து 9க்கு இறக்கினார்கள், 9ல் இருந்த நீங்கள் 8ஆக உள்ளே வந்தீர்கள். வந்த கையோடு ரிச்மண்டை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அந்த வெற்றி உங்களுடையது.

கேள்வி: ஹெர்டைப் பலிகடா ஆக்கிட்டாங்க. அவர் கடைசிவரை கோர்ட்டுல நின்னு போராடினாரே?

போராடினார். கிளப்பும் அவரும் 2014ல் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏ.எஃப்.எல்., அசாடா இரண்டும் சேர்ந்து விசாரித்ததே செல்லாது என்பது வாதம். நீதிபதி மிடில்டன் அந்த செப்டம்பரில் தள்ளுபடி செய்தார். ஹெர்ட் மட்டும் மேல்முறையீடு போய் 2015 ஜனவரியில் மறுபடி தோற்றார். அவர் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. 1996ல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம், 2000 இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர், நான் நேசித்த முதல் வீரர். ஆனால் அந்த வழக்கு விசாரணையின் முறையைப் பற்றியது. ஊசியில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அது ஓடிய மாதங்கள் முழுக்க வீரர்களின் தலைக்குமேல் கத்தி தொங்கியது.

ஹெர்ட் பலிகடா இல்லை என்று நான் சொல்ல ஒரே ஒரு காரணம் போதும். 2012 ஜனவரியிலேயே டாக்டர் ரீட் அவருக்குக் கடிதம் எழுதினார். தன்னைத் தாண்டி வீரர்களுக்கு மருந்து போகிறது, கிளப் டாக்டராக இதில் தனக்கு உடன்பாடில்லை என்ற பொருளில். அந்த நாளே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டியது கோச்சின் பொறுப்பு. 2015 ஆகஸ்டில் ஹெர்ட் விலகினார்.

கேள்வி: சிட்னி ரக்பி லீக் கிளப் க்ரொனல்லாவுக்கும் இதே டேங்க்தானே போனார்? அவங்க எப்படிச் சீக்கிரம் தப்பிச்சாங்க?

தப்பிக்கவில்லை, ஒப்புக்கொண்டார்கள். 2011ல் அங்கே நடந்ததற்காக 2014 ஆகஸ்டில் 12 மாதத் தடையை ஏற்றார்கள். முன்தேதியிட்டதால் சில ஆட்டங்களோடு போனது. அந்தத் தடையை ஏற்ற பால் கேலன்தான் 2016 அக்டோபர் 2 அன்று க்ரொனல்லாவின் முதல் பட்டத்தைக் கேப்டனாகத் தூக்கினார்.

அதற்கு முந்தைய நாள் மெல்போர்னில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954க்குப் பிறகு முதல்முறை பட்டம் வென்றது. அந்த அணியின் ஸ்டூவர்ட் க்ரமேரி முன்பு எஸ்ஸெண்டனில் இருந்தவர், 34 பேரில் ஒருவர். 62 வருடம் ஒரு பேட்டை காத்திருந்த பட்டத்தை அவர் தடையில் இருந்தபடி பார்த்தார். எஸ்ஸெண்டன் வீரர்களுக்கும் முன்பே சமரசம் செய்துகொள்ள வாய்ப்பு இருந்திருந்தால் எடுத்திருக்கலாமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆனால் தவறே செய்யவில்லை என்று மனதார நம்புகிறவனிடம் "ஒப்புக்கொள், லேசாக முடியும்" என்று சொல்வது எளிதில்லை.

கேள்வி: 2016 பருவத்தை அவ்வளவு அக்கறையா எப்படிப் பார்த்தீங்க? நான்லாம் டிவியை ஆஃப் பண்ணிட்டேன்.

நான் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அணியின் 12 பேர் வெளியே. ஓய்வு பெற்றவர்கள், வேறு கிளப் கைவிட்டவர்கள் என்று 10 பேரை ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு நிரப்பினார்கள். ஜான் வொர்ஸ்ஃபோல்ட் கோச். 22 ஆட்டத்தில் 3 வெற்றி, 1933க்குப் பிறகு முதல்முறை கடைசி இடம். அந்தப் பத்துப் பேரும் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கறைக்காக வாரா வாரம் அடி வாங்கினார்கள். அவர்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை, ஆனால் எனக்கு மிகப் பிடித்த எஸ்ஸெண்டன் அணிகளில் அதுவும் ஒன்று. 2017 முதல் சுற்றில் தடை முடிந்தவர்கள் எம்.சி.ஜி.யில் திரும்பி ஹாத்தார்னை வென்றார்கள்.

கேள்வி: வாட்சனின் பிரவுன்லோ பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கணுமா? உங்க கருத்து?

கறாரான கருத்துதான். 2012ல் வாட்சன் 30 வாக்கு, அடுத்து ட்ரென்ட் காட்சினும் ஸாம் மிச்செலும் தலா 26. அந்தப் பதக்கம் சிறந்தவருக்கு மட்டுமல்ல, நேர்மையாக ஆடியவருக்கும் உரியது. அதே வருடம் ஊக்கமருந்துக் குற்றம் உறுதியான ஒருவர் அதை வைத்திருக்க முடியாது. 2016 நவம்பரில் ஏ.எஃப்.எல். ஆணையம் முடிவெடுக்கும் முன்பே வாட்சன் தானாகத் திருப்பிக் கொடுத்தார். யாரும் அவரிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கவில்லை. சில நாளில் அது காட்சினுக்கும் மிச்செலுக்கும் போனது. மறுபடி அவருக்கே தர வேண்டும் என்று கையெழுத்து வேட்டை நடத்துகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். வாட்சன் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அந்தத் திருப்பிக் கொடுத்ததில்தான் கூடியது.