லினக்ஸ் கணினியில் அகலத்திரைச் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடைய 1920×1080 திரை உபுண்டுவில் 1024×768 அளவில்தான் தெரிகிறது. அமைப்புகளில் வேறு அளவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எந்தச் சொற்களுடன் தொடங்கியது என்பதை முதலில் பாருங்கள். நிறுவும்போது கறுப்புத் திரை வந்தால் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வது வழக்கம். நிறுவி முடித்த பிறகும் அது க்ரப் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரல்) அமைப்பில் தங்கிவிட்டால், வரைகலை அட்டைக்கான இயக்கி வேலைக்கே வராது. கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையில் பதிந்துள்ள தொடக்க நிரல்) வைத்த அளவிலேயே படம் நின்றுவிடும். ‘ப்ராக்’ கோப்பகத்தின் ‘சிஎம்டிலைன்’ கோப்பில் அந்தச் சொல் இருந்தால், க்ரப் அமைப்புக் கோப்பிலிருந்து அதை நீக்கி, ‘அப்டேட்-க்ரப்’ கட்டளையை இயக்கிக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள், தேவையான இயக்கியை நிறுவிய பிறகு இதைச் செய்வது நல்லது.

கேள்வி: எனக்கும் அதே சிக்கல்தான், ஆனால் நோமோட்செட் இல்லை. 1440×900 திரையை விஜிஏ கேபிளில், இரண்டு கணினிகளுக்குப் பொதுவான ஸ்விட்ச் பெட்டி வழியாக இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் சொன்னதிலேயே காரணம் பெரும்பாலும் இருக்கிறது. ஒவ்வொரு திரையும் தன் அளவுகளை ‘ஈடிஐடி’ என்ற, குறைந்தது 128 பைட் கொண்ட குறிப்பில் வைத்திருக்கிறது. அட்டை அதைக் கேட்டு வாங்கிய பிறகே அளவுப் பட்டியல் உருவாகிறது. விஜிஏ இணைப்பில் இந்தக் குறிப்பு 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாகத்தான் செல்கிறது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த ஊசிகளுக்குக் கம்பியே இருக்காது. ஸ்விட்ச் பெட்டிகள் பலவும் குறிப்பைக் கடத்துவதில்லை. படம் வரும், விவரம் வராது. எனவே எந்தக் கோப்பையும் திருத்துவதற்கு முன், வேறொரு நல்ல கேபிளால் திரையை நேரடியாகக் கணினியில் இணைத்துப் பார்க்குமாறு வலியுறுத்துகிறேன். ‘சிஸ்’ கோப்பகத்தில், டிஆர்எம் (வரைகலை இயக்கிகளுக்கான) பகுதியில் உங்கள் இணைப்பின் பெயருக்குள் இருக்கும் ‘ஈடிஐடி’ கோப்பை ‘ஈடிஐடி-டிகோட்’ கருவிக்குக் கொடுத்தால், குறிப்பு வந்ததா என்பது தெரிந்துவிடும். கோப்புப் பட்டியலில் அதன் அளவு எப்போதுமே 0 என்றுதான் காட்டும், அதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

பெட்டியை விட முடியாது என்றால், திரை அளவுக்கான நேர விவரங்களைக் கணக்கிடும் ‘சிவிடி’ கட்டளைக்கு 1440, 900 என்று கொடுத்து, அது தரும் மோட்லைன் வரியை, திரை அளவுகளை மாற்றும் கட்டளையான எக்ஸ்ரேண்டரின் நியூமோட், ஆட்மோட் விருப்பங்களால் சேர்த்துக்கொள்ளலாம். இது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், வரிகளை, உள்நுழையும்போது இயங்கும் ‘எக்ஸ்ப்ரொஃபைல்’ கோப்பில் எழுதிவையுங்கள். வேலாண்ட் (திரையில் காட்டும் புதிய முறை) அமர்வில் எக்ஸ்ரேண்டரால் புதிய அளவைச் சேர்க்க இயலாது. அங்கே கர்னலுக்கான ‘வீடியோ’ அளவுருவில் இணைப்பின் பெயரையும் அளவையும் தர வேண்டும்.

கேள்வி: 1366×768 திரைக்கு இதே முறையைச் செய்தேன். சிவிடி 1368 என்று தருகிறது, எழுத்துகளும் மங்கலாக உள்ளன.

பதில்: சிவிடி கணக்கில் அகலம் 8-ஆல் வகுபட வேண்டும், 1366 வகுபடாது. ஈடிஐடி குறிப்பின் சுருக்கப் பட்டியலிலும் இதே கட்டுப்பாடு இருப்பதால் சில திரைகள் தம்மை 1360 என்றே அறிவிக்கின்றன. திரை தன் விரிவான நேரக்குறிப்பில் 1366-ஐச் சரியாகச் சொல்லியிருந்தால், எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ வழியாக இணைத்ததும் அது தானாகவே பட்டியலில் வந்துவிடும். விஜிஏதான் வழி என்றால், 1360×768 வைத்துவிட்டுத் திரையின் பொத்தானில் உள்ள ‘ஆட்டோ’ சரிசெய்தலை ஒருமுறை இயக்குங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய 3440×1440 அகன்ற திரை, மடிக்கணினியின் எச்டிஎம்ஐயில் 60 ஹெர்ட்ஸ் தரவில்லை. 50 வரைதான் போகிறது. லினக்சின் குறையா?

பதில்: இல்லை, இது வன்பொருளின் எல்லை. அந்த அளவை 60 ஹெர்ட்ஸில் காட்ட, படங்களுக்கு இடையிலான வெற்று நேரத்தைக் குறைக்கும் முறையிலும்கூட ஏறக்குறைய 320 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம் (படப்புள்ளிகளை அனுப்பும் வேகம்) தேவை. எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சம் 340 என்றாலும், இன்டெல் வரைகலை கொண்ட பழைய மடிக்கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 300-இலேயே நின்றுவிடுகிறது. 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 265 போதும் என்பதால் அது கிடைக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் அதில் இணையுங்கள். படத்தைக் கடத்தும் வசதியுள்ள யுஎஸ்பி-சி துளையும் இதற்குப் பயன்படும். கட்டளைகளால் 60-ஐத் திணிக்க முயல வேண்டாம்.

கேள்வி: தொலைக்காட்சியை இணைத்தால் நான்கு ஓரங்களும் வெட்டுப்படுகின்றன. பணிப்பட்டையே தெரியவில்லை.

பதில்: தொலைக்காட்சியே படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. அதன் பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற தேர்வு இருக்கும், அதை வையுங்கள். அது இல்லாத பழைய தொலைக்காட்சி என்றால், ஏஎம்டி அட்டையில் எக்ஸ்ரேண்டர் வழியாக ‘அண்டர்ஸ்கேன்’ பண்பை இயக்கலாம். ஆனால் படம் சுருக்கப்படுவதால் எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும்.