கணினி கேள்வி-பதில்: இரண்டு கார்டுக்கு எத்தனை வாட்?

கேள்வி: என் கேமிங் கணினியில் ரைசன் 7 3700எக்ஸ் ப்ராசஸர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளை பெட்டி) இருக்கிறது. நண்பர் அதே கார்டு இன்னொன்றை மலிவாகத் தருகிறார். இரண்டையும் போட்டால் இந்த எஸ்எம்பிஎஸ் தாங்குமா? ரிச்சி தெருவில் கேட்டால் 1,200 வாட் வாங்கச் சொல்கிறார்கள்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: 650 போதாது, 1,200 தேவையில்லை. ஒரு 1080 டிஐ 250 வாட் இழுக்கும். இரண்டுக்கு 500. 3700எக்ஸ் 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முழு வேலையில் 88 வரை போகும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 50. ஆக, ஏறத்தாழ 640 வாட். கேம் ஓடும்போது கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை. நொடியில் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு 250-ஐத் தாண்டித் துள்ளும். இரண்டு கார்டும் ஒரே சமயத்தில் துள்ளினால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சப்ளையைத் துண்டித்துவிடும். நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது, பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று மட்டும் பதிவாகும். பலர் இதைச் சூட்டுக் கோளாறு என்று நினைத்து ஃபேன் மாற்றிக்கொண்டிருப்பார்கள். சூடேறினால் கார்டு முதலில் வேகத்தைத்தான் குறைக்கும்.

'80 பிளஸ் கோல்டு' திறன் சான்று பெற்ற நல்ல 850 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். வாங்குமுன் பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பாமல், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். அங்கே 70 ஆம்பியர் இருந்தால் 840 வாட், அது நேர்மையான சரக்கு. 50 ஆம்பியர்தான் என்றால் 12 வோல்ட்டில் கிடைப்பது 600 வாட். மீதியை 3.3, 5 வோல்ட்டில் காட்டிக் கூட்டியிருக்கிறார்கள், கார்டுக்கு அதனால் பயனில்லை.

அடுத்தது கேபிள். கார்டுக்கு இரண்டு பவர் சாக்கெட், ஆக மொத்தம் நான்கு தலை வேண்டும். 8 பின் தலை ஒன்றுக்கு 150 வாட்தான் கணக்கு. அதில் 12 வோல்ட்டைச் சுமப்பவை மூன்றே கம்பிகள். ஒரே கேபிளில் இரட்டைத் தலை வைத்து ஒரு கார்டின் இரண்டு சாக்கெட்டுக்கும் கொடுத்தால், அந்த மூன்று கம்பிகளே இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை நைலான் பழுப்பேறியிருக்கும். கறுப்பு நைலானாக இருந்தால் அதுகூடக் கண்ணில் படாது. ஆகவே சாக்கெட்டுக்கு ஒரு தனி கேபிள். சாட்டா (டிஸ்க்குக்கான பவர்) முனையிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரைத் தொடவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மட்டுமே ஆனது, உருகிவிடும். பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. வாகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்டு டிஸ்க் போய்விடும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று. அந்த இரண்டாவது கார்டை வாங்காதீர்கள். எஸ்எல்ஐ (இரண்டு கார்டையும் சேர்த்து ஓட்டும் என்விடியாவின் முறை) இயங்க இரு ஸ்லாட்டுக்கும் குறைந்தது எட்டு லேன் (தரவு செல்லும் பாதை) வேண்டும். பி450 போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் நான்கே லேன்தான். போர்டையும் மாற்றினால்தான் வேலைக்காகும். என்விடியாவோ 2021 ஜனவரி 1-க்குப் பிறகு புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமை இரண்டு கார்டிலும் ஓட வைக்கும் டிரைவர் அமைப்பு) எதையும் சேர்க்கவில்லை. அதன்பின் வந்த கேம்களில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மா சூடேறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருப்பதை விற்று, கூடக் கொஞ்சம் போட்டு 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070 ஒன்று வாங்கினால், உங்கள் 650 வாட்டே போதும்.

கேள்வி: பழைய வீடு. கேபினட்டைத் தொட்டால் லேசாக 'சுர்' என்கிறது, டெஸ்டரும் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா?
- வாசகர், ராயபுரம்

பதில்: பெரும்பாலும் பழுதல்ல, எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று என்று சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் கம்பி எங்கும் போய்ச் சேரவில்லை என்றால், கேபினட் 230-இல் பாதியான 115 வோல்ட்டில் தொங்கும். மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் 230 அளவில், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் யாராவது 'நியூட்ரலையே எர்த்தில் இழுத்துக் கட்டிவிடலாம்' என்றால் விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினட்டில் முழு 230 ஏறும். மீட்டர் பெட்டியிலிருந்து முறையான எர்த் கம்பி இழுப்பதுதான் வழி.

கேள்வி: 600 விஏ யுபிஎஸ்ஸில் கேமிங் கணினி ஓடுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். ப்ரௌசிங்கில் தாக்குப்பிடிக்கும். கேம் நடுவே கரன்ட் போனால், ஒற்றை 250 வாட் கார்டு இருந்தால்கூட கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1,100 விஏவாவது பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால், கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டாதீர்கள்.