பிரமிளா ஜெயபாலுக்குக் கடிதம் எழுதினால் தம்பி வெளியே வருவானா?

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் ரெட்மண்டில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். என் சித்தி மகன் ரென்டனில் நண்பர்களோடு தங்கியிருந்தான். எம்.எஸ். முடித்து ஓ.பி.டி.யில் (படிப்பு முடிந்ததும் மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) இருந்தவனுக்கு வேலை போனது, கூடவே ஸ்டேட்டஸும், அதாவது சட்டப்படி இங்கே தங்கும் தகுதியும், போய்விட்டது என்கிறார்கள். ஆறு நாளைக்கு முன் ஐ.சி.இ. (குடியேற்றச் சட்ட அமலாக்கத் துறை) ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டகோமா தடுப்புக்காவல் மையத்தில் வைத்திருப்பதாகக் கேள்வி; இணையத்தில் தேடினால் பெயரே வரவில்லை. "அங்க எம்.பி.யா இருக்கிற பிரமிளா ஜெயபால் நம்ம மெட்ராஸ்ல பிறந்தவங்க, இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் போராடுறாங்க, ஒரு லெட்டர் போடு, விட்டுடுவாங்க" என்று அப்பா ஊரிலிருந்து தினமும் போன் செய்கிறார். எழுதலாமா? நாங்கள் சிட்டிசன் இல்லையே, மதிப்பார்களா? என் விசாவுக்கு ஆபத்து வருமா?

பதில்: எழுதுங்கள். ஆனால் அவருக்கு வேண்டாம், அதையே முதல் வேலையாகவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தம்பியிடம் ஒரே ஒரு சேதி போய்ச் சேர வேண்டும்: லாயர் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. தானாகவே நாட்டைவிட்டுப் போகிறேன், நீதிபதி முன் விசாரணை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவங்கள் உண்டு. "கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால், எது முடியும் என்று அவன் கேட்க வேண்டும். போனில் பேசும்போது வழக்கு விவரம் எதுவும் பேசாதீர்கள். அங்கிருந்து வரும் அழைப்புகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அடுத்து, பெயர் ஏன் வரவில்லை? ஐ.சி.இ. தளத்தில் காவலில் இருப்பவரைத் தேட இரண்டு வழி. ஒன்று, ‘ஏ நம்பர்’ எனப்படும் ஒன்பது இலக்க எண்ணும் பிறந்த நாடும். இன்னொன்று, பெயரும் பிறந்த நாடும். பெயர் அவர்கள் கோப்பில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டவர்களுக்கு வேறு குழப்பம்: ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். எல்லா மாற்றங்களையும் போட்டுத் தேடுங்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தம்பி ஓ.பி.டி.யில் இருந்ததால் அவனிடம் வேலை அனுமதி அட்டை இருந்திருக்கும். அதில் ‘யு.எஸ்.சி.ஐ.எஸ். எண்’ என்று இருப்பதுதான் ஏ நம்பர். அறை நண்பர்களிடம் அட்டையோ அதன் போட்டோவோ இருக்கிறதா என்று கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் 1-800-898-7180 என்ற குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியில் அதை அழுத்தி, விசாரணைத் தேதி குறித்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம்.

பிறகு லாயர். கிரிமினல் வழக்கு மாதிரி அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு குடியேற்ற நீதிமன்றத்தில் இல்லை. ஆனால் உங்கள் மாநிலத்தில் ‘நார்த்வெஸ்ட் இமிக்ரன்ட் ரைட்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு டகோமாவில் இருப்பவர்களுக்கு இலவச உதவி செய்கிறது. காசு கொடுத்து வைப்பதானாலும் காவலில் இருப்பவர் வழக்கு நடத்திப் பழகியவராகப் பாருங்கள். உங்கள் கம்பெனிக்கு எச்-1பி போட்டுக் கொடுக்கும் லாயருக்கு இது வேறு உலகம். தம்பி விசாவோடு முறையாக உள்ளே வந்தவன் என்பது இந்த இடத்தில் பெரிய விஷயம். சோதனையில்லாமல் எல்லை கடந்து வந்தவர்களுக்கு ஜாமீன் விசாரணையே கிடையாது என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் சொன்னது; அதை எதிர்த்து வழக்குகள் குவிந்தன. விசாவில் வந்து ஸ்டேட்டஸ் இழந்தவர்கள் அந்தத் தீர்ப்பின் வலையில் வருவதில்லை. கிரிமினல் வழக்கு எதுவும் இல்லையென்றால் நீதிபதியிடம் பாண்ட், அதாவது பணம் கட்டி ஜாமீன், கேட்கலாம். சட்டப்படி குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர். நடைமுறையில் பல மடங்கு கேட்பார்கள், பணத்துக்குத் தயாராக இருங்கள். ஓ.பி.டி.யில் வேலையில்லாமல் 90 நாள்வரை இருக்கலாம், ஸ்டெம் நீட்டிப்பு (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் காலம்) இருந்தால் மொத்தம் 150 நாள். தம்பியின் கணக்கு உண்மையிலேயே அதைத் தாண்டியதா என்பதை லாயர் முதலில் சரிபார்க்கட்டும். ‘என்கிறார்கள்’ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது அப்பாவின் யோசனைக்கு வருவோம்.

அப்பா மனதில் இருப்பது எம்.எல்.ஏ. லெட்டர். நம் ஊரில் அந்த லெட்டர்பேடுக்கு ஒரு வேகம் உண்டு. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போனால் ஆளை உட்காரவைத்துப் பேசுவார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர் (கட்சி அல்ல, அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர்) அனுப்பும் கடிதம் அப்படி உத்தரவு போடாது. அது ஒரு விசாரிப்பு. இந்த ஆள் எங்கே, மருந்து கொடுத்தீர்களா, இந்த மனு ஏன் இத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்கும். ஐ.சி.இ.யில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பதில் சொல்வார்கள். குடும்பத்துக்கு நாள்கணக்கில் கிடைக்காத பதில் அந்த அலுவலகத்துக்குக் கிடைத்துவிடுவது உண்டு. அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். விடுதலை செய் என்று அவர்களால் சொல்ல முடியாது, நீதிபதி முன்னால் இருக்கும் வழக்கில் வாயைத் திறக்கவும் மாட்டார்கள்.

பிரமிளா ஜெயபால் பற்றி அப்பா கேள்விப்பட்டது பொய்யில்லை. 1965-ல் சென்னையில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்து, இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து, 16 வயதில் தனியாகப் படிக்க வந்தவர். குடியுரிமை கிடைத்தது 2000-ல். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு முஸ்லிம்கள், சீக்கியர்கள், அரபுகள் மீது நடந்த தாக்குதல்களையும் அரசின் கெடுபிடியையும் எதிர்த்து சியாட்டிலில் ‘ஹேட் ஃப்ரீ சோன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ‘ஒன் அமெரிக்கா’. நாடு முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட சோமாலியர்களை நாடு கடத்துவதை 2002-ல் அந்த அமைப்பு வழக்குப் போட்டு நிறுத்தியது. அரசே இல்லாத நாட்டுக்கு, யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் எப்படி அனுப்புவீர்கள் என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. சாதித்தது லாயர்களும் நீதிமன்றமும். அப்புறம், 2005-ல் வேறொரு சோமாலியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்த நாட்டு அரசின் சம்மதம் இல்லாமலும் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டது. நடுவில் கிடைத்த இரண்டு மூன்று வருடத்தில் எத்தனை பேர் தங்கள் வழக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. இந்தத் துறையில் அவகாசம் கிடைப்பதே பல நேரம் பாதி நிவாரணம்.

2017 ஜனவரியில் அவர் காங்கிரஸுக்குப் போனார்; பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண். 2018 ஜூனில் சியாட்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தியச் சிறைக்குள் போய், எல்லையில் பிடிபட்டு அங்கே கொண்டுவரப்பட்ட 174 பெண்களைச் சந்தித்தார். பலரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்திருந்தார்கள். வெளியே வந்து அவர் சொன்னது நாடு முழுக்கப் போனது. அந்த மாதக் கடைசியில் தலைநகர் வாஷிங்டனில் செனட் கட்டடத்தில் நடந்த மறியலில் சுமார் 575 பேரோடு கைதும் ஆனார். ஆனால் 30 நாளுக்குள் பிள்ளைகளைச் சேர்த்து வை என்று ஜூன் 26-ம் தேதி உத்தரவு போட்டது சான் டியேகோவில் ஒரு மத்திய நீதிபதி, ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில். உறுப்பினர் உள்ளே போனதால் விஷயம் வெளியே தெரிந்தது. உத்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது.

ஜெயபாலும் அதே மாநிலத்தின் இன்னொரு உறுப்பினரான ஆடம் ஸ்மித்தும் 2017 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஒரு மசோதா உங்கள் தம்பி இருக்கும் இடத்தை நேரடியாகத் தொடுவது. தனியார் நடத்தும் தடுப்புக்காவல் மையங்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், கட்டாயக் காவலை நிறுத்த வேண்டும், சொல்லாமல் வந்து சோதனை போட வேண்டும் என்கிறது அது. டகோமா மையம் 1,575 படுக்கைகள் கொண்டது. நடத்துவது ஜியோ குரூப் என்ற தனியார் நிறுவனம். உள்ளே இருப்பவர்களுக்கு நாளைக்கு ஒரு டாலர் கொடுத்து வேலை வாங்கியதற்காக 2021-ல் ஒரு ஜூரி அந்த நிறுவனத்துக்கு எதிராக 1.73 கோடி டாலர் தீர்ப்புக் கொடுத்தது. மசோதா இன்னும் சட்டமாகவில்லை. குடியேற்ற விவகாரங்களைப் பார்க்கும் துணைக்குழுவில் 2023 முதல் ஜெயபால்தான் ஜனநாயகக் கட்சியின் தலைமை உறுப்பினர். ஆனால் சபையில் அவர் கட்சி சிறுபான்மை. என்ன விசாரிப்பது, யாருக்குச் சம்மன் அனுப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், எதிர்க்கட்சி எம்.பி. என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்.

தடுப்புக்காவல் மையத்துக்குள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. அவர்களைத் தடுக்க அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அலுவலக ஊழியர்கள் மட்டும் 24 மணிநேரம் முன்னால் சொல்ல வேண்டும். 2025-ல் உள்துறைப் பாதுகாப்புத் துறை உறுப்பினர்களும் ஏழு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்றது. பன்னிரண்டு உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், டிசம்பரில் தலைநகர் வாஷிங்டனில் ஒரு மத்திய நீதிபதி அந்த விதியை நிறுத்திவைத்தார். தகராறு அத்தோடு தீரவில்லை. உங்களுக்கு இதில் வேண்டியது இவ்வளவுதான்: மையத்துக்குள் சாப்பாடு, மருத்துவம், கூட்ட நெரிசல் பற்றித் தம்பி சொல்வதை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது உள்ளே போகும்போது கேட்பதற்கு அந்த அலுவலகத்துக்கு அது வேண்டும்.

இனி, யாருக்கு எழுதுவது? ஜெயபாலின் ஏழாம் தொகுதி சியாட்டில் நகரின் பெரும்பகுதி. நீங்கள் இருக்கும் ரெட்மண்ட் சூசன் டெல்பெனேயின் முதல் தொகுதியில் வருகிறது. சியாட்டிலுக்குக் கிழக்கே ஈஸ்ட்சைடில் இருக்கும் நம்மவர்கள் பாதிப்பேர் சென்னைப் பாசத்தில் தவறான அலுவலகத்துக்கு எழுதி, "உங்கள் உறுப்பினரை அணுகுங்கள்" என்ற பதிலுக்கு ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். தம்பி இருந்த ரென்டன் பெரும்பாலும் ஆடம் ஸ்மித்தின் ஒன்பதாம் தொகுதி. ஆம், அந்த மசோதாவில் கூடவே நிற்பவர்தான். பிரதிநிதிகள் சபையின் தளத்தில் தம்பியின் ஜிப் கோடைப் போட்டு உறுதிசெய்துகொண்டு அவர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். மாநிலம் முழுவதற்கும் பேட்டி மர்ரி, மரியா கான்ட்வெல் என்று இரண்டு செனட்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் எழுதாதீர்கள். ஒரே கோப்புக்கு மூன்று அலுவலகம் கேட்டால் மூன்றும் மெதுவாகும். ஒருவரிடம் கொடுங்கள், நகரவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை. தொகுதியில் குடியிருப்பவர் என்றால் பொதுவாக இந்த அலுவலகங்கள் உதவுகின்றன. ஓட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தம்பியின் கையெழுத்து இல்லாமல் ஐ.சி.இ. ஒரு வார்த்தை சொல்லாது. அதற்கு ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது, ஐ.சி.இ.யின் சொந்தப் படிவத்தின் எண் 60-001, உறுப்பினர் அலுவலகமும் தன்னுடையதைக் கொடுக்கும். லாயர் உள்ளே பார்க்கப் போகும்போது வாங்கி வரச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவைத்திருப்பீர்களே, இது ஒன்று மட்டும் போடலாம் என்று லாயர் வாயாலேயே சொல்லட்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பெயர் (கோப்பில் உள்ளபடி), பிறந்த தேதி, ஏ நம்பர், பிடித்த நாள், லாயர் பெயர், அப்புறம் ஒரு குறிப்பான கேள்வி. "என் தம்பி நல்ல பையன், தயவுசெய்து விடுதலை செய்ய உதவுங்கள்" என்று எழுதினால், உறுப்பினர் அலுவலகத்தில் உங்கள் கோப்பைப் பார்க்கும் கேஸ்வொர்க்கருக்குக் கேட்க ஒன்றுமில்லை. "ஆஸ்துமாவுக்கு தினமும் இன்ஹேலர் எடுப்பவன், பிடித்த நாளிலிருந்து கொடுத்திருக்கிறார்களா?" என்று இருந்தால் அவர் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடியும். வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்களா என்பதும் நல்ல கேள்வி. டெக்ஸாஸுக்கோ லூசியானாவுக்கோ கொண்டுபோய்விட்டால் லாயரையே மாற்ற வேண்டி வரலாம். ஒரே ஆளுக்காகத் தனி மசோதா கொண்டுவருவது பற்றி யாராவது சொல்வார்கள். அப்படி ஒன்று உண்டு, நிறைவேறுபவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. அதில் நேரம் செலவிடாதீர்கள்.

உங்கள் விசா பற்றி: முறையான ஸ்டேட்டஸில் இருப்பவர் காங்கிரஸ் அலுவலகத்தில் உதவி கேட்பது சட்டப்படி உங்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை. கேட்டதற்கு மேல் விவரம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். தம்பியோடு தங்கியிருந்த நண்பர்களில் யாருக்காவது ஸ்டேட்டஸ் சிக்கல் இருந்தால் அவர்கள் டகோமா மையத்துக்குப் பார்க்கப் போக வேண்டாம். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள், தினமும் போன் செய்வது குறையும். இந்தியர் ஒருவரைப் பிடித்தால் தூதரகத்துக்குத் தானாகவே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவுக்கு இல்லை. தம்பி கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கச் சொல்லி லாயர் மூலம் சேதி அனுப்புங்கள். சியாட்டிலிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அப்பா ஊரிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம், தொகுதி எம்.பி.யைப் பார்த்து அமைச்சகத்துக்கு எழுதச் சொல்லலாம். லெட்டர்பேடுக்கு அங்கே கொஞ்சம் மரியாதை இருக்கும். அதற்கும் முன்னால், சித்தி வீட்டுக்குப் போய்த் தம்பியின் பாஸ்போர்ட் நகலை எடுத்து, சர்நேம் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். காலியாக இருந்தால் இன்றிரவே எஃப்.என்.யு. போட்டுத் தேடிப் பார்த்துவிடலாம்.