பலெர்மோவின் பழைய ஒலிவ மரங்களை உப்புவெளியில் காப்பாற்றலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்தில், வயதான ஒருவரின் ஒலிவத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். அதில் பெயர் தெரியாத கிழட்டு மரங்கள் கொஞ்சம் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒரே ரகத்தை நெருக்கமாக நடப்போகிறார்கள். "தம்பி வரும்போது நாலு தடி வெட்டிக்கொண்டு வரட்டும், எங்கள் வளவில் வைத்தால் அந்த இனம் தப்புமா?" என்று கேட்கிறார்.

தப்பாது அக்கா. ஒலிவ மரம் பூக்க வேண்டுமென்றால் பல வாரங்கள் நல்ல குளிர் வேண்டும், திருகோணமலையில் மார்கழி, தை இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கச்சான் காற்றுக் காலத்து வெயிலை அது தாங்கும், மாரியில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. தப்பிப் பிழைத்தாலும் அழகுக்கு நிற்கும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், அனுமதி இல்லாமல் உயிருள்ள தடி கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. சும்மா கெடுபிடி என்று நினைக்காதீர்கள். இத்தாலியின் புலியா மாகாணத்தில் 2013இல் கண்டுபிடிக்கப்பட்ட சைலெல்லா என்ற பற்றீரியா இலட்சக்கணக்கான ஒலிவ மரங்களைக் காயவைத்துவிட்டது. அது ஒலிவத்தோடு நிற்கிற கிருமியும் அல்ல, நூற்றுக்கணக்கான செடி இனங்களில் ஒட்டும். பச்சையாகத் தெரிகிற தடிக்குள்ளேயும் இருக்கலாம்.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது, அதற்கும் அதே புலியாதான் சாட்சி. அங்கே ஒலியரோலா, செல்லினா என்ற ரகங்கள் கூட்டமாகப் பட்டுப்போனபோது லெச்சினோ என்ற ரகம் கிருமி இருந்தும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அந்த வட்டாரத்தில் வேறு ரகங்களும் நின்றபடியால்தான் அது கண்ணில் பட்டது. இப்போது உலகம் முழுக்க நெருக்க நடுகைக்கு ஆர்பெக்கினா, ஆர்போசானா, கொரோனெய்கி என்ற சில ரகங்களையே சுற்றிச் சுற்றி வைக்கிறார்கள். முதலாளியை நான் குறை சொல்லமாட்டேன், கையால் பறிக்க ஆள் கிடைப்பதில்லை, இயந்திரத்துக்கு அந்த ரகங்கள்தான் வசதி.

சரி, தம்பி என்ன செய்யலாம்? முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும், காப்பாற்ற வேண்டியது ரகத்தை, ஒவ்வொரு மரத்தையும் அல்ல. ஒலிவத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தடியிலிருந்தும் ஒட்டுவைத்தும்தான் பெருக்கினார்கள், அதனால் முப்பது கிழட்டு மரங்கள் நின்றாலும் உள்ளே இரண்டு மூன்று ரகம் மட்டுமே இருக்கலாம், அவையும் சிசிலியில் எங்கும் கிடைக்கிற பியான்கோலில்லாவாகவோ நொச்செல்லாரா தெல் பெலிச்சேயாகவோ இருந்துவிட்டால் பதற ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் ஒரே ரகத்துக்கு நாலு பெயர், வேறு வேறு ரகத்துக்கு ஒரே பெயர் என்ற குழப்பம் ஒலிவத்தில் நிறைய. ஆகவே பெயரை நம்பாமல், மரத்துக்கு மரம் இலக்கமிட்டு, காய், கொட்டை, இலை மூன்றையும் படம் எடுத்து, பழுத்த காயின் கொட்டைகளைத் தனித்தனியாகக் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள். ரகத்தைப் பிரித்தறிய நிபுணர்கள் முதலில் பார்ப்பது கொட்டையின் வடிவத்தையும் அதன் மேலுள்ள வரிகளையும்தான், அப்புறம் இலையிலிருந்து மரபணுச் சோதனை. பலெர்மோ பல்கலைக்கழகத்தின் விவசாயத் துறையில் இதைக் கேட்கலாம். இத்தாலிய அரசின் விவசாய ஆய்வு நிறுவனமான கிரேயா, கலாப்ரியாவில் ஒலிவ ரகங்களைத் தோட்டமாகவே வைத்திருக்கிறது. ஸ்பெயினின் கோர்தோபாவில் 1970 முதலும், மொரோக்கோவின் மராகேஷில் 2003 முதலும் உலகத் தொகுப்புகள் இருக்கின்றன. அங்கே இல்லாத ரகம் என்று தெரிந்தால்தான் உண்மையான அவசரம்.

கொட்டையை முளைக்கவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, விதையில் வருவது தாயைப் போலவும் இல்லாத, தகப்பனைப் போலவும் இல்லாத புதுக் கன்று. இன்னொரு பொறியும் உண்டு. பழைய மரங்களில் பல காட்டு ஒலிவத்தின் மேல் ஒட்டுவைத்தவை. அடியிலிருந்து வரும் துளிரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் "பாட்டன் மரத்தைக் காப்பாற்றிவிட்டேன்" என்று சந்தோஷப்படுபவர்கள் பெரும்பாலும் காட்டு மரத்தைத்தான் வளர்க்கிறார்கள். ஒட்டுக்கு மேலே, காய்க்கிற கொப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எளிய வழி ஒட்டுதான். குளிர் முடியுமுன் தடி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வசந்தத்தில் பட்டை கழன்று வரும்போது கன்றுகளில் ஒட்டலாம். தடியாகவே நடுவதென்றால் ஒரு வயதுக் கொப்பில் ஒரு சாண் நீளம், நுனியில் நாலு இலை, வேர்பிடிக்கும் ஹோர்மோன், எந்நேரமும் புகைபோல் மெல்லிய நீர்த்தூவல் வேண்டும். சில ரகம் இரண்டு மாதத்தில் வேர்விடும், சில ரகம் பிடிவாதமாக விடவே விடாது.

ரகத்துக்கு இரண்டு கன்றாவது, அதுவும் இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும். ஒரே நிலத்தில் வைத்து வேர்வழி வாடல் பங்கசு வந்தால் எல்லாம் சேர்ந்து போகும். முதலாளியிடம் முழுத் தோட்டத்தையும் விடச்சொல்லிக் கேட்டால் சிரிப்பார், வேலியோரம் ஒரு வரிசை கேட்டுப் பார்க்கலாம். பல ஒலிவ ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, அயலில் வேறு ரகம் வேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னால் அந்த வரிசை கிடைக்க வாய்ப்பு கூடும்.