படத்தைத் தொட்டுப் பழகினால் பேச்சு வராதா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, ஆட்டிசம். ‘அம்மா’ தவிர வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடம் வரை இழுத்துப் போவான். படத்தைத் தொட்டால் பேசும் செயலியைத் தொடங்கச் சொல்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். ‘அதுக்குப் பழகிட்டா பிள்ளை வாயே திறக்காது’ என்கிறார் மாமியார். டேப் வாங்கியாயிற்று, அவன் யூடியூப்தான் பார்க்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியாரின் பயம் பல வீடுகளில் இருப்பதுதான். மில்லர், லைட், ஷ்லாஸர் என்ற ஆய்வாளர்கள் படம், சைகை போன்ற மாற்று வழிகளைப் பழகினால் பேச்சு என்ன ஆகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம்பகமானவை என்று அவர்கள் தேர்ந்தெடுத்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியது. கூடியதும் கொஞ்சம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். செயலி பேச்சைக் கொண்டுவந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பேச்சு வரும்வரை வயிற்றுவலியைக்கூடச் சொல்ல முடியாமல் பிள்ளை இருக்க வேண்டுமா என்ன?

சரி, டேப். பேசும் டேப்பில் யூடியூப் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஐபேடில் அதற்குப் பெயர் ‘கைடட் ஆக்சஸ்’. செயலிகளில் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ உண்டு, மும்பை ஐஐடி உருவாக்கிய ‘ஜெல்லோ’ இலவசம். எதுவானாலும் படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். எந்த மூலையில் எது என்று விரல்தான் முதலில் பழகும். முக்கியமான படங்களை ஒரு தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து வையுங்கள். குளிக்கும்போதும் சார்ஜ் தீர்ந்தபோதும் அதுதான் கைகொடுக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது படத் தேர்வில். இட்லி, ஆப்பிள், பூனை என்று பெயர்களாக நிரப்பிவிடுகிறார்கள். ‘இன்னும்’, ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘வா’, ‘திற’, ‘வலிக்குது’ – இவை இருந்தால் நாள் முழுக்கப் பயன்படும்.

அப்புறம், முதலில் தொட வேண்டியது நீங்கள். ராத்திரி தோசையைச் சின்னத் துண்டாக வையுங்கள். அவன் தின்றதும் ‘இன்னும்’ படத்தைத் தொட்டு, “இன்னும் வேணுமா?” என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் விரலைப் பிடித்து அழுத்தாதீர்கள். பத்து எண்ணியும் தொடவில்லையா? நீங்களே இன்னொரு முறை தொட்டு அடுத்த துண்டை வையுங்கள். “இன்னும் எங்கே, காட்டு” என்று பரீட்சை வைக்காதீர்கள். இப்படி வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில், நீங்கள் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்க நேரும். பலர் செயலியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

குடத்துக்கு இழுத்தால் கூடவே போங்கள், அதுவும் பேச்சுதான். போகிற வழியில் ‘தண்ணீர்’ படத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு உடனே கொடுங்கள். ‘தொட்டால்தான் தருவேன்’ என்ற பயிற்சியைத் தாகத்தில் நடத்துவது எனக்குச் சம்மதமில்லை.

‘வேண்டாம்’ என்று அவன் தொட்டால், முடிந்தவரை விட்டுவிடுங்கள். மருந்து மாதிரி விட முடியாத விஷயமென்றால், “வேண்டாம்னு சொல்றே, தெரியுது. ஆனா இது குடிச்சே ஆகணும்” என்று சொல்லிக் கொடுங்கள்.

காது பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் முதல் வேலையாக முடியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதும் மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசமும் அதில் அடங்கும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையான அந்தக் காப்பீட்டில் பயிற்சிச் செலவுக்கும் பங்கு உண்டு என்பதால், பேச்சுப் பயிற்சி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.